ஓ.சி. என்ற இரண்டு எழுத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கணினி கேள்வி – பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஒரே கிராஃபிக்ஸ் கார்ட், மூன்று நான்கு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, சிலவற்றில் ஓ.சி. என்ற எழுத்து. ஓ.சி. என்றால் ஓவர்கிளொக்: கார்டின் சிப்பைத் தொழிற்சாலையிலேயே வழமையைவிட வேகமாக ஓட வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது? அதனால் இந்தப் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆர்.டி.எக்ஸ். 4060 எடுக்கப் பணம் சேர்த்துவிட்டேன். கடையில் மூன்று பெட்டி காட்டினார்கள். முதலாவது சாதாரணம், 2460 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது ஓ.சி., 2505. மூன்றாவது மூன்று ஃபேன் வைத்த பெரிய கார்ட், அதுவும் ஓ.சி., 2550. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் 22,000 ரூபாய் வித்தியாசம். என் மொனிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். மூன்றாவதை எடுத்தால் எத்தனை எஃப்.பி.எஸ். (செக்கனுக்கு வரும் ஃபிரேம்) கூடும்?
— காத்தான்குடி வாசகர்

பதில்: முதலாவது கார்டில் 80 எஃப்.பி.எஸ். வருகிற கேமில் இரண்டாவது 81 தரும், மூன்றாவது 82 தரும். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். 2460இலிருந்து 2505 என்பது 1.8 சதவீதம். 2550 என்பது 3.7 சதவீதம். கிளொக் (மெகாஹெர்ட்ஸ் வேகம்) கூடிய அளவுக்கு எஃப்.பி.எஸ். முழுதாகக் கூடுவதும் இல்லை. ஏனென்றால் சிப்பின் வேகத்தை மட்டும்தான் தொழிற்சாலையில் கூட்டுகிறார்கள், மெமரியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மூன்று பெட்டியிலும் அதே 8 ஜி.பி., அதே 128 பிட் பாதை, செக்கனுக்கு அதே 272 ஜிகாபைட். சிப்பும் அதேதான், 3072 கோர்.

இன்னொரு விடயம், பலருக்குத் தெரியாதது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணில் கார்ட் ஓடுவதே இல்லை. 2012இல் ஜி.டி.எக்ஸ். 680 கார்டோடு என்விடியா கொண்டுவந்த ஜி.பி.யூ. பூஸ்ட் என்ற முறை இன்றைக்கும் வேலை செய்கிறது. மின்சாரம், வோல்டேஜ், சூடு மூன்றிலும் இடமிருந்தால் கார்ட் தானே 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக மேலே ஏறிக்கொண்டு போகும். சாதாரண 4060 கூட கேமுக்குள் 2700க்கு மேல் ஓடுவது வழக்கம். அதாவது ஓ.சி. பெட்டியில் பெருமையாக எழுதியிருக்கும் 2550ஐ, ஓ.சி. இல்லாத கார்ட் ஏற்கனவே தாண்டிவிட்டது. ஓ.சி. கார்ட் அதற்கும் 45 அல்லது 90 மேலே நிற்கும், அவ்வளவுதான். ஒரே மாடலில் இரண்டு கார்டை எடுத்து அளந்தாலும் சிப்புக்குச் சிப் இந்த அளவு வேறுபாடு வரும்.

சில கம்பனிகளின் சாதாரண மாடலும் ஓ.சி. மாடலும் ஒரே ஹீட்சிங்க், ஒரே ஃபேன், ஒரே போர்ட். அசுஸ் டுவல், டுவல் ஓ.சி. இரண்டும் அப்படி. கார்டுக்குள் பதிந்திருக்கும் பயோஸ் மென்பொருளில் எழுதிய எண் மட்டும் வேறு. அந்த இடத்தில் ஓ.சி.க்கு மேலதிகப் பணம் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு (எந்தக் கம்பனி கார்டுக்கும் வேலை செய்யும்) கோர் கிளொக் என்ற இடத்தில் 45 என்று அடித்து டிக் அழுத்தினால் உங்கள் கார்டும் அந்த ஓ.சி. கார்டும் ஒன்று. பெரும்பாலான 4060 சிப்கள் 100 வரைக்கும் தாங்கும்.

மூன்று ஃபேன் கார்டின் விலை வேறு காரணத்துக்கு. அந்தப் பணம் ஹீட்சிங்குக்கும் சத்தம் குறைவதற்கும் போகிறது. 285 வாட் எடுக்கும் 4070 டி.ஐ. சூப்பர், 320 வாட் எடுக்கும் 3080 போன்ற கார்ட் என்றால் நல்ல ஹீட்சிங்குக்குக் காசு கொடுங்கள் என்று நாங்களே சொல்வோம். 4060 எடுப்பது 115 வாட். இரண்டு ஃபேன் தாராளம்.

ஆகவே முதலாவது பெட்டி. இரண்டாவது பெட்டியின் விலை 3 சதவீதத்துக்குள் கூட என்றால், அல்லது அதற்கு வொரன்டி நீளம் என்றால், இரண்டாவது. மூன்றாவது வேண்டாம். மிஞ்சும் 22,000ஐ கணினியின் வேறு பலவீனமான இடத்துக்குக் கொடுங்கள்: ஒற்றை ரேம் குச்சியில் ஓடுகிறதா, இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலா கேம் இருக்கிறது என்று பாருங்கள்.

கடைக்குப் போகமுன் ஒரு அளவுகோலும் எடுங்கள். கேசிங்கின் பின்பக்கத் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரை எத்தனை மில்லிமீற்றர்? இரண்டு ஃபேன் 4060கள் பெரும்பாலும் 220 முதல் 250 மி.மீ. மூன்று ஃபேன் கார்ட்களில் 300ஐத் தாண்டுவனவும் உண்டு. மலிவான கேசிங்கில் அது ஹார்ட் டிஸ்க் கூட்டில் முட்டி நிற்கும். கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்பது அடுத்த பிரச்சினை.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரம். கணினி இருப்பது சீட் போட்ட மேல் அறையில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகலில் அறைக்குள் இருக்க முடியாது, ஏ.சி. இல்லை. இணையத்தில் எல்லோரும் கார்ட் 65 பாகை என்கிறார்கள். எனக்கு 78, 80 காட்டுகிறது. ஓ.சி. கார்ட் எடுத்ததுதான் பிழையா? எரிந்துவிடுமா?
— கல்முனை வாசகர்

பதில்: எரியாது. ஓ.சி.யும் முக்கிய காரணம் இல்லை. 30, 40 மெகாஹெர்ட்ஸ் கூட்டியதால் வரும் சூடு ஓரிரு பாகைதான்.

மற்றவர்கள் 65 என்று சொல்லும் அளவு பெரும்பாலும் 21 முதல் 25 பாகை அறையில் எடுத்தது. கார்டின் சூடு அறைச் சூட்டின் மேல்தான் ஏறுகிறது. அறை 9 பாகை கூட என்றால் கார்டும் ஏறக்குறைய 9 பாகை கூட. 34 பாகை அறையில் 75 என்பது ஒழுங்கான அளவு. உங்களுடைய 80இல் மிச்சம் இருக்கும் 5 பாகை கேசிங்கில் காற்று ஓடாததால் வருவது. சோதிப்பது சுலபம்: கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி 15 நிமிடம் அதே கேமை ஓட்டுங்கள். 5 பாகைக்கு மேல் இறங்கினால் குற்றம் கேசிங்கில். முன்னால் உள்ளே இழுக்கும் ஒரு 120 மி.மீ. ஃபேன், பின்னால் வெளியே தள்ளும் ஒன்று. இந்த இரண்டும் ஒரு ஓ.சி. எழுத்தைவிட உங்களுக்குக் கூடுதல் எஃப்.பி.எஸ். தரும். காரணம், சூடு கூடக்கூட பூஸ்ட் முறை சில பாகைக்கு ஒரு படி என்று 15 மெகாஹெர்ட்ஸ் கழித்துக்கொண்டே வரும். பல என்விடியா கார்ட்களில் 83 பாகையில் அது கடுமையாகப் பிடித்து இறக்கும். ஆகவே அனல் அறையில் கிடக்கும் ஓ.சி. கார்ட், குளிர்ந்த அறையில் இருக்கும் சாதாரண கார்டுக்குப் பின்னால்தான் ஓடும்.

எங்கள் பக்க வெயிலுக்கு உண்மையான மருந்து ஓவர்கிளொக்குக்கு எதிர்ப்பக்கம் போவது. அதாவது அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது. 4060க்குச் செய்யும் முறை இது. மற்றக் கார்டுக்கு எண்கள் மாறும்.

ஆஃப்டர்பேர்னரைத் திறந்து ரீசெட் அழுத்துங்கள். கேமை 10 நிமிடம் ஓட்டி மூன்று எண்ணைத் தாளில் எழுதுங்கள்: கிளொக், சூடு, வாட். பிறகு ஆஃப்டர்பேர்னரில் நின்றபடி கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்துங்கள். சிறு சதுரப் புள்ளிகள் படிப்படியாக ஏறிப்போகும் ஒரு வளைகோடு வரும். அடியில் இருப்பது மில்லிவோல்ட், இடப்பக்கம் மெகாஹெர்ட்ஸ். அடியில் 950க்கு நேரே இருக்கும் புள்ளியைப் பிடித்து 2600 உயரத்துக்குக் கொண்டுபோங்கள். பின்பு ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 950க்கு வலப்பக்கம் உள்ள வெற்றிடத்தை மவுஸால் இழுத்துத் தெரிவுசெய்து, அந்தப் புள்ளிகள் எல்லாவற்றையும் 2600க்குக் கீழே இழுத்துவிடுங்கள். ஆஃப்டர்பேர்னரின் டிக் அடையாளத்தை அழுத்தியதும் வலப்பக்கம் முழுவதும் பாய் விரித்த மாதிரித் தட்டையாகும். இனிக் கார்ட் 950 மில்லிவோல்ட்டைத் தாண்டாது.

திரும்பக் கேமை ஓட்டி எழுதியதோடு ஒப்பிடுங்கள். 10 முதல் 20 வாட் குறைந்திருக்கும், சில பாகை இறங்கியிருக்கும், ஃபேன் சத்தம் உடனேயே தெரியும். எஃப்.பி.எஸ். இரண்டு மூன்று குறையலாம். பிரச்சினை இல்லாமல் ஓடினால் 2600ஐ 15, 15ஆகக் கூட்டிப் பாருங்கள். கேம் வெளியே தள்ளினால் இரண்டு படி இறங்கி நில்லுங்கள். இரண்டு மூன்று மாலை முழுவதும் விளையாடிப் பார்த்த பிறகுதான் கணினி தொடங்கும்போதே இது அமுலாகும்படி விண்டோஸ் அடையாளத்தை அழுத்த வேண்டும். முதல் நாளே அழுத்தினால், அளவு பிழைத்திருக்கும்போது கணினி தொடங்கிய கையோடு திரை கறுக்கும். அப்படி மாட்டினால் சேஃப் மோடில் போய் ஆஃப்டர்பேர்னரை நீக்குங்கள்.

கடற்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூட்டைவிட உப்புத்தான் இங்கே கார்டைத் தின்கிறது. கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, நிந்தவூர் என்று கரையை ஒட்டிய ஊர்களில் இரண்டு வருடக் கார்டைக் கழற்றிப் பாருங்கள்: பின் தகட்டின் திருகாணிகளில் துரு, அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. தூசியும் உப்பும் ஈரமும் சேர்ந்து ஒட்டினால் அது போர்டில் மின்சாரம் கசியும் பசை. மாரி மழை தொடங்கமுன், ஐப்பசிக்குள், ஒரு தடவையும், மற்றபடி இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையும் மென்மையான பெயின்ட் பிரஷாலும் புளோவராலும் துப்புரவு செய்யுங்கள். புளோவர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழல விட்டால் பேரிங் தேயும், ஃபேன் மின்சாரத்தை உண்டாக்கி போர்டுக்குத் திருப்பி அனுப்பவும் கூடும். மாரியில் வாரக்கணக்காகக் கணினியைத் தொடாமல் மூடி வைக்க வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் அரைமணி நேரம் ஓடினாலே உள்ளே ஈரம் தங்காது. கேசிங்கைத் தரையிலும் ஜன்னலுக்கு நேரேயும் வைக்காதீர்கள்.

கேள்வி: புதிய ஓ.சி. கார்ட், ஒரு மாதம்தான். சில கேம்களில் அரைமணி நேரத்தில் திரை ஒருமுறை கறுத்து டெஸ்க்டொப்புக்கு வந்துவிடுகிறது. எடுத்த கடையில் சொன்னபோது விண்டோஸ் பிழை என்கிறார்கள். இரண்டு தடவை விண்டோஸ் அடித்தும் மாறவில்லை. என்ன செய்வது?
— அக்கரைப்பற்று வாசகர்

பதில்: கடைக்காரரோடு வாதாடமுன் கையில் ஆதாரம் வேண்டும். அதற்கு ஒரு மாலை போதும்.

முதலில் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் சிஸ்டம். கறுத்த நேரத்துக்கு நேரே என்ன இலக்கம் இருக்கிறது என்று பாருங்கள். 4101 என்றால் டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது. விசாரணை கார்டின் பக்கம். கெர்னல் பவர் 41 என்றால் கணினி முழுவதுமே திடீரென்று விழுந்திருக்கிறது. அப்போது பவர் சப்ளையையும் வயரையும் முதலில் சந்தேகியுங்கள்.

4101 வந்திருந்தால், என்விடியா கன்ட்ரோல் பெனலைத் திறந்து மேலே ஹெல்ப் மெனுவில் டிபக் மோட் என்பதை டிக் செய்யுங்கள். இது தொழிற்சாலையில் கூட்டிய வேகத்தை எடுத்துவிட்டு என்விடியா சொன்ன இயல்பு வேகத்தில் கார்டை ஓட்டும். கார்ட் கம்பனி கூட்டிய எண்தான் குற்றவாளியா என்று பிரித்தறிய இதைவிட நேரான வழி இல்லை. அதே கேம், அதே இடம், இரண்டு மணி நேரம். விழவில்லை என்றால் டிக்கை எடுத்து மறுபடி ஓட்டுங்கள். விழுந்தால் விடை கிடைத்துவிட்டது: அந்தச் சிப் அந்த ஓ.சி. எண்ணைத் தாங்கவில்லை. இரண்டையும் போனில் வீடியோ எடுத்து, 4101 வரியின் படத்தோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ஆஃப்டர்பேர்னரில் 50 கழித்து நீங்களே சமாளிக்கலாம்தான். ஆனால் ஒரு மாதக் கார்டில் அதைச் செய்யாதீர்கள். ஓ.சி.க்குப் பணம் கொடுத்து எடுத்த கார்ட் ஓ.சி. வேகத்தில் ஓட வேண்டும். மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை.

டிபக் மோடிலும் விழுகிறது என்றால் டிரைவரை டி.டி.யூ. என்ற கருவியால் சேஃப் மோடில் முழுதாகத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை நிறுத்திப் பாருங்கள். கார்டை நண்பரின் கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் கார்ட் பழுது, ஓ.சி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தொழிற்சாலை ஓ.சி. விழுவது புதிய கதை அல்ல. 2020 செப்டெம்பர் 17இல் ஆர்.டி.எக்ஸ். 3080 வந்த முதல் நாட்களிலேயே, 2000 மெகாஹெர்ட்ஸைத் தொடும்போது சில கார்ட்கள் விழுந்தன. சிப்புக்குப் பின்னால் எந்த வகைக் கபாசிட்டர் வைத்தார்கள் என்பதுவரை ஆராய்ச்சி போனது. அம்மாத இறுதியில் வந்த 456.55 டிரைவரோடு பெரும்பாலானோருக்கு அது அடங்கியது. ஆகவே உங்கள் டிரைவர் புதியதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் கேசிங்கோடு வந்த 500 வாட் பவர் சப்ளை இருக்கிறது. 650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்றும் இருக்கிறது. ஓ.சி. கார்ட் என்றால் கூடுதல் பவர் சப்ளை வேண்டுமா?
— செங்கலடி வாசகர்

பதில்: ஓ.சி. என்பதற்காக வேண்டாம். ஆனால் அந்தப் பவர் சப்ளைக்காக வேண்டும்.

அதைக் கழற்றிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். பிளஸ் 12 வோல்ட் என்ற நிரலின் கீழ் எத்தனை அம்பியர்? கேசிங்கோடு வருவனவற்றில் மேலே 500 என்று பெரிதாக எழுதி, அந்த நிரலில் 18 அம்பியர் போட்டிருப்பார்கள். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டில்தான். ஆகவே உங்களிடம் உண்மையில் இருப்பது 216 வாட் பவர் சப்ளை. 4060க்கு என்விடியா சொல்வது நல்ல 550 வாட். 12 வோல்ட்டில் 30 அம்பியருக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள்.

கார்டுக்கு 8 பின் வயர் பவர் சப்ளையிலிருந்து நேராக வர வேண்டும். அந்த வயர் 150 வாட், மதர்போர்ட் ஸ்லொட் 75 வாட், மொத்தம் 225. 4060இன் எந்த ஓ.சி. வகைக்கும் அது தாராளம். 8 பின் இல்லை என்று சாட்டா பிளக்கிலிருந்து மாற்றி வயர் போடுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் தாங்குவது 54 வாட். பிளாஸ்டிக் உருகி நெருப்புப் பிடித்தவை உண்டு.

யூ.பி.எஸ்.ஸின் பின்னாலும் வி.ஏ.க்குப் பக்கத்தில் வாட் எழுதியிருக்கும். 650 வி.ஏ. என்றால் 360, 390 என்று இருக்கும். 4060 போட்ட நடுத்தரக் கணினி கேமில் 250 வாட் அளவு எடுக்கும். மொனிட்டரும் சேர்ந்தாலும் தாங்கும், கரண்ட் போனால் சேமித்து மூடச் சில நிமிடம் கிடைக்கும். விளையாட்டை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி இடிக்கும்போது யூ.பி.எஸ். இருக்கிறதே என்று விட்டுவிடாமல் சுவர்ப் பிளக்கையும் ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் கழற்றுங்கள். மின்னல் பல வீடுகளில் லேன் வயர் வழியாகத்தான் வந்திருக்கிறது.

கேள்வி: பாவித்த கார்ட் ஒன்று எடுக்க இருக்கிறேன். எல்லோரும் விளம்பரத்தில் ஓ.சி. எடிஷன் என்றே போடுகிறார்கள். எதை நம்புவது?
— சம்மாந்துறை வாசகர்

பதில்: பாவித்த சந்தையில் ஓ.சி. என்ற சொல்லை மறந்துவிடுங்கள். ஒரே பெயரில் வேறு கார்ட் வருவதுதான் இங்கே பணத்தை விழுங்குவது.

ஆர்.டி.எக்ஸ். 3060 இரண்டு உண்டு. 2021இல் வந்தது 12 ஜி.பி., 192 பிட், செக்கனுக்கு 360 ஜிகாபைட். 2022 கடைசியில் வந்தது 8 ஜி.பி., 128 பிட், 240 ஜிகாபைட். இரண்டாவது கேமில் ஏறக்குறைய 15 சதவீதம் பின்தங்கும். எந்த ஓ.சி.யும் அதை ஈடு செய்யாது. ஆர்.எக்ஸ். 580இல் 2304 கோர் இருக்க வேண்டும். 2048 உள்ளதும் அதே பெயரில் சுற்றுகிறது. ஆர்.எக்ஸ். 5600 எக்ஸ்.டி. 2020 ஜனவரியில் வந்தபோது ஏ.எம்.டி. கடைசி நேரத்தில் வேகத்தைக் கூட்டியதால், சில கார்ட்களின் மெமரி 14 ஜிபிபிஎஸ்., சில 12ஓடு நின்றுவிட்டன. வகைக்கு வகை உண்மையான வித்தியாசம் இருந்த அபூர்வமான கார்ட் அது. 14 உள்ளதைத் தேடி எடுங்கள்.

மெகாஹெர்ட்ஸைப் பார்த்து ஏமாறுவதற்கு நல்ல உதாரணம் ஜி.டி.எக்ஸ். 1650. ஜி.டி.டி.ஆர். 5 மெமரி வகையின் பூஸ்ட் 1665. ஜி.டி.டி.ஆர். 6 வகையின் பூஸ்ட் 1590. எண்ணில் சிறியதுதான் ஓட்டத்தில் முந்தும், ஏனென்றால் அதன் மெமரி செக்கனுக்கு 192 ஜிகாபைட், மற்றதில் 128.

இவை எல்லாவற்றையும் ஜி.பி.யூ.-இசட் என்ற சிறு மென்பொருள் ஒரே திரையில் காட்டும். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள், விற்பவர் அனுப்பும் படத்தை நம்பாமல் உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ஷேடர்ஸ் (கோர் எண்ணிக்கை), மெமரி வகை, பஸ் அகலம் (எத்தனை பிட்) மூன்றையும் பாருங்கள். ஜி.பி.யூ. கிளொக், டிஃபோல்ட் கிளொக் என்ற இரண்டு வரியும் வேறுபட்டால் அவர் மென்பொருளால் ஏற்றியிருக்கிறார், அதைத் தொழிற்சாலை ஓ.சி. என்று விற்க முடியாது. பழைய சிப்பின் பயோஸை மாற்றிப் புதுப்பெயர் கொடுத்த என்விடியா கார்ட்களைக் கண்டால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று அதுவே எழுதிவிடும். கடைசியாக 20 நிமிடம் கேம் ஓட்டுங்கள். ஃபேன் இரண்டும் சுற்றுகின்றனவா, பேரிங் சத்தம் வருகிறதா, திரையில் நிறப்புள்ளிகள் தெறிக்கின்றனவா? புள்ளி தெறித்தால் மெமரி போய்க்கொண்டிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: சாதாரண கார்டில் ஓ.சி. மாடலின் பயோஸை ஏற்றினால் அது ஓ.சி. கார்ட் ஆகிவிடுமா?
— பொத்துவில் வாசகர்

பதில்: ஆகும், சில வேளை செங்கல்லும் ஆகும். போர்ட் ஒரே மாதிரித் தெரிந்தாலும் ஃபேன் கட்டுப்பாடும் மெமரிச் சிப் கம்பனியும் வேறாக இருந்தால் திரையே வராது, வொரன்டியும் போகும். ஆஃப்டர்பேர்னரில் 45 அடித்தால் கிடைப்பதற்கு இந்த ஆபத்து எதற்கு?

கேள்வி: ஆர்.எக்ஸ். 7600 பெட்டியில் 2655, 4060 ஓ.சி. பெட்டியில் 2505. அப்படியென்றால் 7600தானே வேகம்?
— ஏறாவூர் வாசகர்

பதில்: இரண்டு கம்பனியின் மெகாஹெர்ட்ஸையும் ஒப்பிடவே கூடாது. சிப்பின் அமைப்பு வேறு, எண்ணைச் சொல்லும் முறையும் வேறு. ஏ.எம்.டி. இரண்டு எண் சொல்கிறது: 7600இல் பூஸ்ட் 2655, கேம் கிளொக் 2250. நீங்கள் விளையாடும் கேமில் இரண்டையும் ஓட்டிய வீடியோவைப் பாருங்கள். அந்த எஃப்.பி.எஸ். தான் கணக்கு. 7600 எடுக்கும் மின்சாரம் 165 வாட், 4060 எடுப்பது 115 என்பதை மட்டும் சூடான அறைக்காரர்கள் கவனிக்கலாம்.

கேள்வி: பழைய ஐ5, ஒற்றை 8 ஜி.பி. ரேம், 60 ஹெர்ட்ஸ் மொனிட்டர். கார்ட் மாற்றும்போது ஓ.சி.யாகவே எடுக்கட்டுமா?
— திருக்கோவில் வாசகர்

பதில்: சாதாரண கார்டை எடுத்து, மிஞ்சும் பணத்துக்கு அதே வகை 8 ஜி.பி. ரேம் குச்சி இன்னொன்று போடுங்கள். இரண்டு குச்சி சேர்ந்து இரட்டைச் சனலாக ஓடும்போது கேம் இடையிடையே திக்குவது நிற்கும். உங்கள் மொனிட்டர் 60க்கு மேல் காட்டாது, ஆகவே ஓ.சி. தரும் இரண்டு ஃபிரேம் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. பழைய ஐ5 போர்ட்களில் கார்ட் மாட்டும் ஸ்லொட் பழைய தலைமுறை, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0. 4060, ஆர்.எக்ஸ். 6600 போன்றவை அந்த ஸ்லொட்டின் பதினாறு தடத்தில் எட்டில் மட்டும் ஓடும் கார்ட்கள் என்பதால், அந்தப் போர்டில் ஓ.சி. தருவதைவிடக் கூடுதலாக அங்கேயே இழப்பு வரலாம், அதுவும் 8 ஜி.பி. மெமரி நிரம்பும்போது நன்றாகத் தெரியும். டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைத்து வைத்தால் அது வராது.

கேள்வி: கொழும்பில் பம்பலப்பிட்டியில் ஓ.சி. மாடல் விலை குறைவு, இங்கே மட்டக்களப்பில் சாதாரணமே கூட. கூரியரில் எடுக்கலாமா?
— வாழைச்சேனை வாசகர்

பதில்: எடுக்கலாம். கார்டைத் தனியாக, அதன் சொந்தப் பெட்டியில், வெளியே இன்னொரு பெட்டி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். முழுக் கணினியாக எடுத்தால் கார்டைக் கழற்றித்தான் அனுப்ப வேண்டும். 300 கிலோமீற்றர் அளவு லொறியில் குலுங்கி வரும்போது பெரிய ஹீட்சிங்கின் பாரம் மதர்போர்ட் ஸ்லொட்டைப் பிளந்துவிடும்.

பணம் கட்டமுன் இரண்டு விடயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வொரன்டி யாருடையது, இலங்கை ஏஜென்டுடையதா கடையுடையதா? கடையுடையது என்றால் கடை இருக்கும்வரைதான். பழுதானால் அனுப்பும் கூரியர் செலவு யாருக்கு? பில்லின் பின்பக்கச் சிறிய எழுத்தையும் படியுங்கள். எரிந்த அடையாளம், துரு, மின்னல் மூன்றும் வொரன்டிக்கு வெளியே என்று பெரும்பாலும் இருக்கும். ஒரு வருடத்தை 350 நாள் என்று அச்சிடும் வழக்கமும் உண்டு, ஆகவே கடைசி மாதத்தில் பழுது தெரிந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பெட்டி கைக்கு வந்ததும் உடைக்கும் முதல் நொடியிலிருந்து வீடியோ எடுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் இலக்கமும் கார்டின் பின்னால் ஒட்டியிருப்பதும் பில்லில் எழுதியிருப்பதும் ஒன்றா என்று கமராவுக்குக் காட்டுங்கள். ஓ.சி. என்று பில்லில் எழுதி, பெட்டிக்குள் சாதாரண மாடல் வந்திருந்தால் அந்த வீடியோ ஒன்றுதான் உங்கள் பக்கம் பேசும்.